சாக்ஸ் காலில் பழகிய பாட்டு

கோபே, நகாதா
1993 நவம்பர் 22

சுமிரே அக்காவுக்கு,

முதலில் நான் கவனித்தது உங்கள் இடது குதிகாலைத்தான். ஒசாகா கிளப் மேடையில், முதல் பாட்டிலேயே. நான் டிரம்மில் அடிக்கும் அதே நொடியில் நீங்கள் காலை ஓங்கி மிதிக்க வேண்டும். வலது கால் சரியாக விழுந்தது. இடது மட்டும் ஒவ்வொரு முறையும் நூலிழை பிந்தி விழுந்தது. முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, உங்கள் காலையே பார்த்து அடிக்கிற எனக்குத் தெரிந்தது.

பார்த்தேன், சொல்லவில்லை. இதை எழுத எட்டு நாள் ஆகிவிட்டது.

மூன்றாம் பாட்டு முடிந்ததும் நீங்கள் தண்ணீர் குடிக்க என் பக்கம் வந்தீர்கள். கண்ணுக்குக் கீழே ஒட்டிய நட்சத்திரம் வியர்வையில் நழுவிக் கன்னத்துக்கு வந்திருந்தது. "என்னடி முழிக்கிறே? நல்லாத்தானே போகுது?" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அப்போது சொல்லியிருக்கலாம். கடைசிப் பாட்டில் தொகிவா அக்கா கிதாரோடு திரும்பி, இன்னும் வேகமாக என்று கையைக் காட்டினார். வேகமாக அடித்தேன். நீங்கள் ஸ்பீக்கர் பெட்டி மேல் ஏறினீர்கள், குதித்தீர்கள்.

விழுந்த பிறகும் நான் நான்கு அடி அடித்தேன். கை நிற்கவில்லை. ஜனங்கள் அதையும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஒசாகா ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கதவு வரைக்கும் வந்தேன். உங்கள் அம்மாவின் குரல் கேட்டது, திரும்பிவிட்டேன். பிறகு உங்களை ஊருக்கு, தொத்தோரிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தொகிவா அக்கா சொன்னார்.

வலி எப்படி இருக்கிறது? பதில் எழுத வேண்டியதில்லை.

ஷினோ


தொத்தோரி
நவம்பர் 27

ஏய் ஷினோ,

பதில் எழுத வேண்டியதில்லையாம்! காலைத் தூக்கித் தலகாணி மேல வெச்சுக்கிட்டு, அம்மாவோட முடிவெட்டுற கடைக்குப் பின்னாடி ரூம்ல கிடக்கிறேன். பதில் எழுதறதத் தவிர எனக்கு வேற என்னடி வேலை? முடி வெட்ட வர்ற ஒவ்வொருத்தரும் திரைய விலக்கி என்னைப் பாத்துட்டுத்தான் போறாங்க. "ஓ, இதுதான் பாட்டுக்காரப் பொண்ணா?" மிருகக்காட்சி சாலைல டிக்கெட்டாவது வாங்குவாங்க.

குதிகாலாம், நூலிழையாம். விஷயம் அது இல்ல. பூட்ஸோட அடி விட்டுப்போச்சு. 'நறுக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அது என் எலும்பா, உன் பசையான்னு எனக்குத் தெரியாது. தொகிவா போன்ல சொன்னா, அந்த கிளப்காரரும் அதத்தான் சொல்றாராம். பதினாலு சென்டிமீட்டர் அடி வெச்ச பூட்ஸு, அத ஒரு பதினேழு வயசுப் பொண்ணு செஞ்சு குடுத்தா இப்படித்தான் ஆகும்னு. அன்னிக்கு சாயங்காலம்தானே முடிச்சுத் தூக்கிட்டு ஓடி வந்தே? "பூட்ஸ்ல ஒட்டின நட்சத்திரம் இன்னும் காயலக்கா, மேடை ஒத்திகைக்குப் போடாதீங்க"ன்னு சொன்னது யாரு? நட்சத்திரமே காயலன்னா அடி மட்டும் காஞ்சிருக்குமா?

நான் கத்தறேன்னு நினைக்காத. கத்தினா காலு வலிக்குது, அதனால மெதுவாத்தான் எழுதறேன்.

ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு. உள்ள ஒரு ஆணி. அது கூடப் பரவால்ல. டோக்கியோலேர்ந்து அந்த சாகாகி நம்ம மூணு பேரப் பாக்கத்தான் அன்னிக்கு வந்திருந்தார். பதினெட்டு வயசுலேர்ந்து கிளப் கிளப்பா பாடறேன், ரெக்கார்டு கம்பெனி ஆளு ஒருத்தர் எனக்காக ஒசாகா வரைக்கும் வந்தது அதான் முதல் தடவ. இருபத்திநாலு வயசுல வெள்ளிக் கால்சட்ட போட்டு மிட்டாய்ப் பாட்டு பாடறவளுக்கு இன்னொரு தடவ யாராவது வருவாங்களா, நீயே சொல்லு.

பூட்ஸ என்ன பண்ணே? தூக்கிப் போட்டுட்டியா?

சுமிரே


கோபே, நகாதா
டிசம்பர் 3

சுமிரே அக்காவுக்கு,

தூக்கிப் போடவில்லை. கிளப்பிலிருந்து தொகிவா அக்கா எடுத்துவந்து, நான் வேலை செய்யும் காலணிப் பட்டறையில் என் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தார். "நீயே பாரு" என்றார், போய்விட்டார். அதன் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தேன்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் முதலாளி ஹோரியே அம்மா வந்து துணியை இழுத்தார். "அறுத்துப் பாத்துடு. இல்லன்னா ஒருநாள் உன் விரலையும் சேத்துத் தைக்கப் போறே" என்றார். அறுத்தேன். உள்ளே கார்க் கட்டை, வெளியே வெள்ளி ரெக்சின். கத்தியை விட்டு நெம்பினேன். கார்க் பிய்ந்து வந்தது, பசை பிரியவில்லை. "பசை நல்லாத்தான் இருக்கு. இப்ப சந்தோஷமா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அடியின் வெளி விளிம்பில் மட்டும் வெள்ளி உரிந்திருந்தது. நீங்கள் தட்டையாக இறங்கவில்லை. விளிம்பில் இறங்கியிருக்கிறீர்கள்.

இதை எழுதினால், தப்பு என்மேல் இல்லை உங்கள்மேல்தான் என்று சொல்வதுபோல் இருக்கும். அப்படி இல்லை. முழுக்கப் படியுங்கள்.

ஜூலையிலிருந்து நாம் எங்கே ஒத்திகை பார்த்தோம்? எங்கள் தெருச் சங்கக் கூடத்தின் மாடியில். வாசலில் காலணி அலமாரி இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் கழற்றி வைப்போம். நான்கு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், மூன்று பேரும் சாக்ஸ் காலோடு மிதித்தோம். கடைசிப் பாட்டின் அந்தக் குதிப்பை நீங்கள் அடுக்கி வைத்த மெத்தைகள் மேலிருந்து நூறு தடவையாவது குதித்திருப்பீர்கள். நூறும் சாக்ஸோடு. உங்கள் கால் பழகியது அந்தத் தரைக்கு. மேடையில் தரை உங்கள் காலுக்குப் பதினாலு சென்டிமீட்டர் கீழே இருந்தது, ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ தொங்கியது.

செருப்போடு ஏறிப் பழகலாமா என்று நம்மில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பிறந்ததிலிருந்து வாசலில் கழற்றுகிறோம். அந்த இங்கிலாந்து கிளாம் பேண்டுகளின் பழைய வீடியோவை நாம் எத்தனை தடவை பார்த்தோம்! அவர்கள் படுக்கையறையிலும் பூட்ஸோடு நடக்கிறவர்கள். அவர்களுடைய மினுமினுப்பை, தாளத்தை, தலைமுடியை எல்லாம் எடுத்துக்கொண்டோம். அவர்கள் பூட்ஸைக் கழற்றுவதே இல்லை என்பதை மட்டும் பார்க்கவில்லை.

தொகிவா அக்காவுக்குத் தோன்றாவிட்டால் பரவாயில்லை. நான் காலையிலிருந்து மாலைவரை காலணி செய்கிறவள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஷினோ


தொத்தோரி
டிசம்பர் 9

அடியே ஷினோ,

உன் கடிதாசிய அம்மாகிட்ட சத்தமா படிச்சேன். அம்மா கத்திரிக்கோலக் கீழ வெச்சுட்டு சிரிச்சா. பாதித் தலை வெட்டின மீன்காரரும் சிரிச்சார். நான் சிரிச்ச சிரிப்புல கட்டுக்குள்ள காலு துள்ளி, அப்புறம் அரை மணி நேரம் அழுதேன். சாக்ஸ் போட்டு ஒத்திகை பாத்த கிளாம் பேண்ட்! இத வெளிய சொல்லிடாத. மிட்டாய் பேர்ல நாம வெச்ச கொன்பெய்தோ ராக்கெட்டுங்கிற பேண்ட் பேர மாத்தி சாக்ஸ் ராக்கெட்னு வெச்சுடுவாங்க.

சரி. பசையப் பத்தி நான் சொன்னத வாபஸ் வாங்கிட்டேன். ஹோரியே அம்மாகிட்டயும் சொல்லிடு. குதிகாலப் பத்தி நீ சொல்லாம விட்டத நான் இன்னும் மன்னிக்கல. அது கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இப்ப வேற ஒண்ணு. டாக்டர் நேத்து வந்தார். ஜனவரி நடுவுல கட்டப் பிரிப்பாங்களாம். அப்புறம் கொம்பு ஊணி நடக்கணும். குதிக்கறது, ஒசந்த அடி வெச்ச பூட்ஸு போடறது, ஒரு வருஷத்துக்குப் பேச்சே கிடையாதாம். "பாடலாமா?"ன்னு கேட்டேன். "பாட்டுக்குக் கால் எதுக்கு?"ன்னு சிரிக்கறார். அவருக்கு நம்ம பாட்டு தெரியாது.

மார்ச் அஞ்சாம் தேதி டோக்கியோ வரச் சொல்லி சாகாகி தொகிவாவுக்கு எழுதியிருக்காராம். கம்பெனில ரெண்டு பாட்டு பாடிக் காமிக்கணும். இத தொகிவா எனக்குச் சொல்லல. கிளப்ல வேல செய்யற பையனோட அக்கா சொன்னா. தொகிவா போன் பண்ணிப் பத்து நாளாச்சு. நான் பண்ணினா, அவ அம்மா எடுத்து "குளிக்கறா"ங்கிறாங்க. பத்து நாளாவா குளிப்பா?

நீ என்கிட்ட பொய் சொன்னதே இல்ல. ஏன்னா நீ எதுவுமே சொன்னதில்ல. இப்ப சொல்லு. என்னை விட்டுட்டுப் போறீங்களா?

சும்மா கேக்கல ஷினோ. பொழுது போகாம கேக்கல. அந்த மேடையத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. முடி வெட்டக்கூட வராது. அம்மா ஒருதரம் சொல்லிக்குடுத்து, பாதிரியார் ஒருத்தரோட காத வெட்டிட்டேன்.

சுமிரே


கோபே, நகாதா
டிசம்பர் 20

சுமிரே அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆண்டுக் கடைசி என்பதால் பட்டறையில் வேலை அதிகம். குளிர்காலச் செருப்பு ஆர்டர் முடிந்து, வசந்த காலத்துக்கு வெள்ளை நிறம் தைத்துக்கொண்டிருக்கிறோம். வெளியே ஒரு காலுக்கு அளவு எடுக்கும் வேலையும் வந்தது, இருபத்திரண்டரை சென்டிமீட்டர். அதையும் முடித்தேன்.

ஹோரியே அம்மாவிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குக் காலு சேரட்டும்" என்றார்.

இங்கே குளிர் அதிகம். அங்கே பனி பெய்யும் என்று நினைக்கிறேன். நண்டு சாப்பிடுங்கள், எலும்புக்கு நல்லது என்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷினோ


தொத்தோரி
1994 ஜனவரி 1

ஷினோ,

புது வருஷ வாழ்த்து கார்டெல்லாம் காலைல ஒரே கட்டா வந்துச்சு. அம்மா மேஜைல போட்டுப் பிரிச்சா, கடைக்கு வந்தது ஒரு பக்கம், எனக்கு வந்தது ஒரு பக்கம். எனக்கு ஒம்பது. எட்டாவதா அது இருந்துச்சு.

இந்த வருஷம் நாய் வருஷமாச்சேன்னு ஒரு நாய்க்கு நட்சத்திரக் கண்ணாடி மாட்டி வரைஞ்சிருக்கு. அது நல்லா இருக்கு. அதுக்குக் கீழ 'கொன்பெய்தோ ராக்கெட், மார்ச்ல டோக்கியோ'ன்னு போட்டு போட்டோ. மூணு பேரு. தொகிவா, நீ, நடுவுல ஒரு பொண்ணு. என் இறகு மாலையப் போட்டிருக்கா. கால்ல வெள்ளி பூட்ஸ். என்னோடது இல்ல, சின்னது. ஓரத்துல ரெண்டு வரிசத் தையல். அந்தத் தையல் யாரு போடறதுன்னு எனக்குத் தெரியும். இருபத்திரண்டரை.

அம்மா "யாரிது, அழகா இருக்காளே?"ன்னா. நான் "புதுசா சேந்திருக்கா"ன்னேன்.

தொகிவா மேல கோவம் வரல. அவ அப்படித்தான், அவளுக்குப் பாட்டுதான் முக்கியம், ஆளு இல்ல. கார்ட மறுபடி திருப்பிப் பாத்தேன். முகவரி உன் கையெழுத்து. ரசிகர் பட்டியல்ல முதல் பேரு என்னோடது. கார்டு ஒழுங்கா போய்ச் சேருதான்னு பாக்க நானே எழுதி வெச்சது. பேனாவ எடுத்ததும் நீ முதல்ல எழுதினது என் பேரத்தான்.

நான் நேரா கேட்டேன். பனி, நண்டுன்னு எழுதினே.

இனிமே எழுதாத.

சுமிரே


கோபே, நகாதா
ஜனவரி 7

சுமிரே அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும்.

அந்த கார்டில் உங்கள் பேரைக் கைதவறி எழுதவில்லை. நூற்றுப்பதினொரு கார்டையும் தொகிவா அக்கா என்னிடம் தந்து, பட்டியலைப் பார்த்து முகவரி எழுதச் சொன்னார். என் கையெழுத்து ஒழுங்காக இருக்கும் என்று. முதல் பேர் உங்களுடையது. அதைத் தாண்டி இரண்டாவதிலிருந்து தொடங்கியிருக்கலாம். யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் எழுதினேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் வார்த்தையில் பதில் சொல்லப் பயமாக இருந்தது. அந்த கார்டு சொல்லிவிடும் என்று நினைத்தேன். புது வருஷக் காலையில், உங்கள் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அது வந்து சேரும் என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை.

பூட்ஸையும் நான்தான் செய்தேன். அளவு எடு, போதும் என்றார் தொகிவா அக்கா. முன்னால் ஒரு கால் வந்தால் நான் அளவு எடுத்துவிடுவேன். அது யாருடைய இடம் என்று கேட்டிருக்க வேண்டும்.

அவள் பேர் நாவோ. கியோட்டோக்காரி, பத்தொன்பது வயது. நன்றாகப் பாடுகிறாள், என்னையும் 'ஷினோ-சான்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறாள். நேற்று புது வருஷத்தின் முதல் ஒத்திகை. அதே மாடி. மூன்று பேரும் சாக்ஸ். சாக்ஸ் விஷயத்தை உங்களுக்கு எழுதினேனே தவிர, தொகிவா அக்காவிடம் சொல்லவே இல்லை. காகிதத்தில் வருவது எனக்கு வாயில் வருவதில்லை. எழுந்து நின்று சத்தமாக வாசி என்று சொன்னதற்கு வாயைத் திறக்க முடியாமல்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன், உங்களுக்குத் தெரியும்.

கடைசிப் பாட்டில் நாவோ மெத்தை அடுக்கின் மேல் ஏறினாள். ஏறிவிட்டு, "தொகிவா-சான், அன்னிக்குப் பூட்ஸ் போட்டா வேற மாதிரி இருக்காதா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் போட்டா தானா வந்துடும். ஷினோ, இன்னும் வேகமா!"

என் கை நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"குதிக்காதீங்க."

"என்னது? காதுல விழல."

"குதிக்காதீங்கன்னேன். நாவோ-சான், இறங்குங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். சாக்ஸ், பதினாலு சென்டிமீட்டர், உரிந்த விளிம்பு, உங்கள் குதிகால் பிந்தியதை நான் பார்த்தது. பாதிக்கு மேல் தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். தொகிவா அக்கா கிதாரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இவ்வளவு நாளா வாய்ல என்னடி வெச்சிருந்தே? மிட்டாயா?"

"மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அப்ப மார்ச்ல யாரு குதிக்கறது?"

"யாரும் வேண்டாம். சுமிரே அக்கா உக்காந்து பாடட்டும். மிதிக்கறத நான் டிரம்ல அடிக்கறேன். நீங்க கை தட்டுங்க."

"உக்காந்து பாடறதா? கிளாம் பேண்டா இது, முதியோர் சங்கமா?"

அப்போது நாவோ மெத்தை மேல் நின்றபடியே, "சுமிரே-சான் தானா விலகிட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். தொகிவா அக்கா அவளை விட்டுவிட்டு என்னிடம்தான் திரும்பினார்.

"சாகாகிகிட்ட நீயே சொல்லு. போன்ல. நீ போன எடுத்து அவர்கிட்ட ஒரு வாக்கியம் பேசிட்டேன்னா நான் ஒத்துக்கறேன்."

நான் பேச மாட்டேன் என்று நினைத்துச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதை உங்களுக்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம், அக்கா. அந்த நேரம் என் கண்ணில் இருந்தது நாவோவின் கணுக்கால். உங்கள் பேர் அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது. வந்த பிறகு வேறு பேர் வரவில்லை.

இப்போது மதியச் சாப்பாட்டு நேரம். பட்டறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கும். தெரு முனையில் முதலில் தபால் பெட்டி, அதைத் தாண்டித்தான் போன் கூண்டு. இந்தக் கடிதத்தை முதலில் போடுவேன். போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. நான் போன் செய்யப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஷினோ


அஞ்சலட்டை
கோபே, நகாதா
ஜனவரி 8

சுமிரே அக்கா,

பேசினேன். யார் பேசுவது என்று சாகாகி மூன்று தடவை கேட்டார், மூன்றாவது தடவை பேரைச் சொன்னேன். இந்த மாதம் முப்பதாம் தேதி வேறு வேலையாக ஒசாகா வருகிறாராம். மதியம் இரண்டு மணிக்கு நம் கூடத்துக்கு வந்து கேட்பார். எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை, கேட்கிறேன் என்றுதான் சொன்னார். நீங்கள் வருவீர்கள் என்று, உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

வேலை முடிந்ததும் பட்டறையிலிருந்து ஒரு நாற்காலியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். தொகிவா அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை இறக்கி, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டேன்.